காற்றின் மேல் போட்ட பழி

பழைய கார்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் பெயிண்டைப் பற்றியவை. மிஞ்சினால் குரோமியப் பூச்சைப் பற்றியவை. புதுச்சேரியில் துய்மா வீதியின் மஞ்சள் சுவரையும் அதன்மேல் கவிந்திருக்கும் காகிதப்பூக் கொடியையும் பின்னணியாக்கி, ஒரு மோரிஸையோ அம்பாஸடரையோ நிறுத்திப் படமெடுப்பது இன்று ஏறக்குறைய ஒரு சடங்கு. மணமக்கள் சாய்ந்து நிற்கிறார்கள், வண்டி மின்னுகிறது. அந்த வண்டி அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது, வழியில் ஓட்டுநர் எத்தனை முறை பெடலை மூன்று தடவை அடித்துப் பிறகே நிறுத்த முடிந்தது என்பதையெல்லாம் படம் சொல்வதில்லை. எஞ்சின் கோளாறு வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடும். அதனால் யாருக்கும் கேடில்லை. பிரேக் கோளாறு வண்டியை வெளியே போகவிடும். அதுதான் வேறுபாடு.

பழைய வண்டிகளில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போவதற்கும், சரிசெய்த பிறகும் சரியாகாமல் இருப்பதற்கும், இயந்திரக் காரணங்களோடு மொழிக் காரணம் ஒன்றும் உண்டு என்பது என் துணிபு. ஹைட்ராலிக் பிரேக்கின் குழாய்களுக்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் வேலையை ஆங்கிலத்தில் 'பிளீடிங்' என்கிறார்கள், அதாவது குருதி வடித்தல். பிரெஞ்சில் 'பியூர்ஜ்', வயிற்றைக் கழுவக் கொடுக்கும் பேதி மருந்துக்கும் அதே சொல்தான். ஐரோப்பாவின் பழைய வைத்தியர்கள் எந்த நோய்க்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்தார்கள் என்பதால் பெயர்கள் பொருத்தமே. இரண்டும் செய்யும் செயலைச் சொல்கின்றன. நம் பட்டறைகளிலோ இதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர். நோயின் காரணத்தையே பெயரில் வைத்துவிட்டோம். பெடல் கொஞ்சம் கீழே போனால் போதும், "ஏர் இருக்கு, எடுத்துட்டா சரியாயிடும்" என்ற தீர்ப்பு வண்டியைத் தூக்கிப் பார்க்கும் முன்பே வந்துவிடுகிறது.

இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. முதுகு பிடித்தால் வாயு, விலா குத்தினால் வாயு. மார்பு வலியை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவரின் கதை எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும்.

நிற்க. விஷயத்துக்கு வருவோம். ஒரு மூடிய பாத்திரத்தில் நிறைந்திருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பது பள்ளியில் படித்த பாஸ்கல் விதி. இதைக் காரின் சக்கரத்துக்குக் கொண்டு வந்தவர் மால்கம் லாக்கீட் என்ற அமெரிக்கர். தம் சகோதரரோடு சேர்ந்து விமானம் கட்டியவர். 1921இல் டூசன்பெர்க் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. அதற்கு முன்பு கம்பிகளும் தண்டுகளும்தாம். நான்கு சக்கரமும் ஒரே சமயம் ஒரே பலத்தில் பிடிக்கும்படி அவற்றை இசைத்து வைப்பது வீணைக்குச் சுருதி சேர்ப்பதைவிடக் கடினம். சித்ரோயன் நிறுவனம் 1934இல் தன் முன்சக்கர இயக்கக் காரில் ஹைட்ராலிக் பிரேக் வைத்தது. நம் பக்கத்தில், சென்னைப் பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டபின் இதன் உறுப்புகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன.

இந்த அமைப்பில் காற்று ஏன் ஆகாது என்பதைச் சொல்லில் சொல்வதைவிடக் கணக்கில் காட்டுவது நல்லது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ., பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்று வைத்துக்கொள்வோம். கால் 20 கிலோ எடையளவுக்கு அழுத்தினால் பிஸ்டனில் 100 கிலோ. அதன் பரப்பு 3.8 சதுர செ.மீ. ஆதலால், குழாய்க்குள் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 26 கிலோ அழுத்தம். இந்த அழுத்தத்தில் 1 க.செ.மீ. காற்றுக்குமிழி சுருங்கிக் கடுகளவாகிவிடும். அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப பிஸ்டன் இரண்டரை மி.மீ. நகர வேண்டும், பெடல் ஒன்றேகால் சென்டிமீட்டர் கீழே போகும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கு இவ்வளவு. ஆகவே காற்றைக் குறை சொல்பவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை.

ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் மொத்தம் எட்டு ஷூக்கள். சக்கரச் சிலிண்டர்களும் 22 மி.மீ. என்றே கொள்வோம். ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடுவதற்கு, இருக்க வேண்டியதைக் காட்டிலும் அரை மி.மீ. கூடுதலாக, அதாவது தபால் அட்டை இரண்டின் கனம், நகர வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு 1.5 க.செ.மீ. திரவம் வேண்டும். பெடல் இரண்டு சென்டிமீட்டர் கீழே போகும். குழாய்க்குள் காற்று ஒரு துளிகூட இல்லை. ஆனால் பெடலின் இறக்கம் காற்றிருந்ததைவிட அதிகம். இந்த வண்டிக்கு நாள் முழுவதும் ஏர் எடுத்தாலும் பெடல் ஓர் இம்மியும் உயராது.

காலில் இவை இரண்டும் வேறுவேறாகத்தான் தெரியும். பெடல் வெகுதூரம் போய், பிறகு கல்லில் மிதித்ததுபோல் நின்றால் அது ஷூவின் இடைவெளி. ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் எதிர்த்து எதிர்த்து இறங்கினால் அது காற்று, அல்லது உப்பிப்போகும் ரப்பர் ஹோஸ். மூன்று முறை அடித்தபின் மேலே வந்து கெட்டியாக நின்றுவிட்டால் முதல் வகை; அடித்தபின் மேலே வந்தும் துள்ளினால் இரண்டாம் வகை. காலை அழுத்தியபடி வைத்திருக்கும்போது லிஃப்ட் இறங்குவதுபோல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பைத் தாண்டி உள்ளேயே கசிகிறது. இவ்வளவும் வண்டியைத் தூக்காமல், ஸ்பேனர் எடுக்காமல், இருக்கையில் அமர்ந்தபடியே அறியக்கூடியவை. நாடி பிடித்துப் பார்ப்பது என்று நாம் பெருமை பேசும் கலை இதுதான். அதைச் செய்யாமலே கஷாயம் கொடுக்கிறோம்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் 1950களைச் சேர்ந்த மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. குருசுக்குப்பம் பக்கத்தில், கடலோசை கேட்கும் தூரத்தில் ஒரு கொட்டகையில் ஏழாண்டுகள் கிடந்த வண்டி. பெயிண்ட் அடித்து, ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டி, எல்லா ரப்பர்களையும் மாற்றிய பின்னும் பெடல் தரைக்குப் போயிற்று. இரண்டு பட்டறைகளில் நான்கு முறை ஏர் எடுத்தார்கள். அவர் மகளுடைய திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. "ஓரமா மெதுவா ஓட்டிட்டுப் போனா ஒண்ணும் ஆகாது, கை பிரேக் இருக்கே" என்று இரண்டாவது பட்டறைக்காரர் ஆறுதல் சொன்னார். ஊர்வலம் என்றால் வண்டிக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்களும் குழந்தைகளும் நடந்து போவார்கள் என்பது அந்த ஆறுதலில் சேரவில்லை.

மூன்றாவதாக வந்தவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். பெடலை நான்கு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "சார், காத்து எப்பவோ போயிடுச்சு. இல்லாதத ஏன் தேடிக்கிட்டிருக்கீங்க?" என்றார். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். எந்த உராய்வும் இல்லாமல் ராட்டினம்போல் சுற்றியது. "பாருங்க, ஷூ பக்கத்து ஊர்ல நிக்குது." புது லைனிங் கனமாக இருந்ததால் டிரம் ஏறவில்லை, ஏற்றுவதற்காக அட்ஜஸ்டர்களை முழுவதும் பின்வாங்கி வைத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மோரிஸ் மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், இரண்டு அட்ஜஸ்டர், பின்சக்கரத்தில் ஒன்று. டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு, சக்கரம் பிடிக்கும்வரை திருகி, சுற்றும் அளவுக்கு ஒரு சொடுக்கு திரும்பவிட வேண்டும். ஏர் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. ஷூக்கள் டிரம்மோடு ஒட்டியிருந்தால் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். குமிழி ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

அட்ஜஸ்ட் செய்தபின் பெடல் பாதி தூரத்தில் நின்றது. நின்றாலும் துள்ளல் இருந்தது. அப்போது அவர் செய்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். இந்த வண்டியில் ரப்பர் ஹோஸ் மூன்று: முன்னால் இரண்டு, பின்னால் இரு சக்கரத்துக்கும் பொதுவாக ஒன்று. ஹோஸை வெட்டாத வழவழப்பான கிளாம்ப் மூன்றைக் கொண்டு மூன்றையும் இறுக்கி அடைத்தார். பெடல் மேலேயே கல்லாக நின்றது. ஆக, மாஸ்டர் சிலிண்டரிலும் அதிலிருந்து வரும் இரும்புக் குழாய்களிலும் குறையில்லை. வலது முன் கிளாம்பை எடுத்தார்; மாற்றமில்லை. மாட்டிவிட்டு இடது முன் கிளாம்பை எடுத்தார், சிறிது இறங்கிற்று. அதையும் மாட்டிவிட்டுப் பின் கிளாம்பை எடுத்தபோது பெடல் நன்றாகத் துள்ளியது. என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டியின் கீழே படுத்து அந்தப் பின் ஹோஸை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தார். இரை விழுங்கும் பாம்பின் கழுத்துபோல உப்பிற்று. ரப்பர்களையெல்லாம் மாற்றிய பட்டறையில் ஹோஸை ரப்பராகவே யாரும் எண்ணவில்லை.

இடது முன்சக்கரத்தில் இருந்தது மட்டும் உண்மையான காற்று. இரண்டு சிலிண்டர்களை இணைக்கும் சிறிய குழாயின் வளைவில் குமிழி மாட்டிக்கொள்ளும். வேகமாகப் பெடலை அடித்தால் அது நகராமல் அங்கேயே பொடிப்பொடியாக உடைந்து திரவத்தில் கலந்துவிடும். மெதுவாக ஒரு மிதி, நிப்பிளைத் திறப்பது, மூடியபின் காலை எடுப்பது, அடுத்த மிதிக்கு முன் பத்து எண்ணுவது. இப்படி எட்டு முறை. முடிந்தது. "அடி, அடி, அடி, பிடி" என்று கத்திக்கொண்டு உதவியாளனை மிதிக்கவிடும் நம் வழக்கம் மோர் கடைவதற்கு நல்லது. பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் அதில் இன்னொரு கேடும் உண்டு. பெடல் வழக்கமாக எட்டாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் ரப்பர் கப்பின் விளிம்பு அதில் உரசிக் கிழியும். நேற்றுவரை ஓடிய சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் கசிவதன் மர்மம் இதுதான். பெடலின் அடியில் ஒரு மரக்கட்டை வைத்து அதன் ஓட்டத்தைத் தடுத்துவிட்டால் போதும்.

கதை அதோடு முடியவில்லை. ஹோஸ்களை மாற்றி, ஏர் எடுத்து, பெடல் அருமையாக நின்றபின், காலாப்பட்டு வரை ஓட்டிப் பார்க்கப் போனோம். பாதி வழியில் வண்டி இழுக்கவில்லை. நிறுத்திப் பார்த்தால் நான்கு டிரம்மும் தோசைக்கல்லாகச் சுட்டன. பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதியவர் ஒரு நிப்பிளைச் சற்றே தளர்த்தினார். திரவம் பீறிட்டது, சக்கரம் விடுபட்டது. இந்தச் சோதனையும் மனத்தில் வைக்கத் தக்கது: நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது, விடாவிட்டால் ஷூவோ கை பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது. ஒரே ஒரு சக்கரம் மட்டும் இப்படிப் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கத்து ஹோஸின் உட்சுவர் பெயர்ந்து ஒருவழிக் கதவாக மாறியிருக்கலாம். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். நான்கும் ஒருசேரப் பிடித்தால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான், அல்லது அதைத் தள்ளும் புஷ் ராடு.

புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மி.மீ.க்கும் குறைவான சும்மா அசைவு இருக்க வேண்டும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து ஒரு நுண்துளையைத் திறந்துவிடும். சூட்டில் விரிவடையும் திரவம் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். அசைவு இல்லாவிட்டால் துளை திறக்காது. திரவம் விரியும், ஷூவைத் தள்ளும், டிரம் சுடும், திரவம் மேலும் விரியும். நண்பரின் வண்டியில் முன்பு யாரோ புஷ் ராடின் நுனியில் பற்றவைத்து நீளமாக்கியிருந்தார்கள். ஏன்? பெடல் கீழே போகிறதே என்றுதான். ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய இடத்தில் ராடை நீட்டியிருக்கிறார்கள். காற்றின் மேல் போட்ட பழி பொய்யாகும்போது மெக்கானிக்கின் கை அடுத்துப் போகும் இடம் இது. பெடலை மேலே கொண்டுவந்து காட்டிவிட்டால் வாடிக்கையாளர் காசு கொடுத்துவிடுவார் அல்லவா.

அந்த மாஸ்டர் சிலிண்டரைப் பார்ப்பதே ஒரு தவம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோரிஸ் மைனரை 1948இல் உலகுக்குக் கொடுத்த அலெக் இசிகோனிஸ் பெரிய மேதை. ஆனால் மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள் புதைத்துவிட்டார். கம்பளத்தைத் தூக்கி, தரையிலுள்ள மூடியைத் திறந்து, தெருவின் மண்ணெல்லாம் படிந்திருக்கும் அந்த இருட்டுக்குள் திரவம் ஊற்ற வேண்டும். பார்க்கக் கடினமான இடத்தில் இருப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை. ஏர் எடுக்கும்போது நடுவில் தொட்டி காலியாகி, வெளியேற்றியதைவிட அதிகக் காற்று உள்ளே போவது இந்த வண்டியில் தினமும் நடப்பது.

இனி 'பிரேக் ஆயில்'. இதுவும் ஒரு தப்புப் பெயர். சாதாரண பிரேக் திரவம் ஆயில் அன்று. கிளைகால் வகைச் சேர்மங்களால் ஆனது. தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து ஊற்றினார்கள் என்பதால் ஆயில் என்ற பேச்சு அன்றைக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று அந்தப் பெயரை நம்பி, அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கனிம எண்ணெய் பட்டதும் அந்த ரப்பர் கப்புகள் ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பிவிடும். பிறகு குழாயைக் கழுவினால் தீராது. ரப்பர் ஒவ்வொன்றையும் மாற்றியாக வேண்டும்.

புதுச்சேரியில் இது இரட்டைச் சங்கடம். கிளைகால் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடற்கரை ஊரின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 என்ற தர அளவின்படி புதுத் திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டாட் 4க்கு இவை 230, 155. மேல்பாட்டுக்கு இது ஓட்டுநரை உடனே கொல்லாத எண்ணாகத் தெரியலாம். ஆனால் செஞ்சி மலையடிவாரம் போய்த் திரும்பும் வண்டி போக்குவரத்து நெரிசலில் பிரேக் மேல் பிரேக் போட்டுச் சூடேறும்போது, திரவத்திலுள்ள நீர் ஆவியாகிக் குழாய்க்குள்ளேயே குமிழி உண்டாகிறது. காலையில் எடுத்துத் தீர்த்த காற்று மாலையில் உள்ளிருந்தே பிறக்கிறது. வண்டி ஆறியதும் குமிழி மறைந்துவிடும். பட்டறையில் காட்டும்போது பெடல் யோக்கியனாக நிற்கும். அந்த நீரே வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழச் செய்வதும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புது ரப்பர் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுவது. லேத்தில் கொடுத்துத் துருப்பிடிக்காத உலோகத்தில் உள்குழாய் பொருத்தி வாங்குவதே வழி. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதை நேர்த்தியாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதுமாக மாற்றிவிட்டால் அந்தச் செலவும் தள்ளிப்போகும். பாதி தீர்ந்த டப்பாவை மூடி பரணில் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றுவது மாற்றியதாகாது.

பிரெஞ்சு வண்டிகளின் கணக்கு வேறு. சித்ரோயன் டி.எஸ். காரில் 1966க்கு முன் சிவப்புத் திரவம், பின்னர் பச்சை நிறக் கனிமத் திரவம். 1981க்குப் பிந்தைய இரட்டைக்குதிரைச் சித்ரோயனின் முன் டிஸ்க் பிரேக்குக்கும் அந்தப் பச்சைதான். இவற்றில் நம் கடையில் கிடைக்கும் டாட் 4ஐ ஊற்றுவதும், மோரிஸில் பச்சையை ஊற்றுவதும் ஒரே அளவு பாதகம். இடது கை ஓட்டு வண்டி என்றால் இன்னொன்று: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் வருவது மரபு. நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். அவற்றில் வலது பின்சக்கரம். (பிரெஞ்சு இந்தியாவின் வாரிசுகளான நமக்கு ஒரு வேடிக்கை: அம்பாஸடர் என்ற பெயரையே 2017இல் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. உத்தரபாராவில் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது.)

கடைசியாக 'ஒரிஜினல்' என்ற சொல்லோடு எனக்குள்ள வழக்கு. பழைய கார் ஆர்வலர்களிடையே இது வேதவாக்கு. ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் கொண்ட வண்டியில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் ஒருங்கே பிரேக் போய்விடும். அமெரிக்கா 1968 முதல் இரட்டைச் சுற்று அமைப்பைக் கட்டாயமாக்கியது இதனால்தான். ஒரு சுற்று போனாலும் மற்றது நிற்கும். பழைய வண்டியிலும் அதைப் பொருத்தலாம். சொன்னால், "அப்புறம் வண்டி ஒரிஜினலா இருக்காதே" என்று பதில் வரும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு என்று தனி வகை ஏற்படுத்தி, பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளையும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணத்தையும் வைத்திருக்கிறது. அந்த விதி மூல வடிவம் என்று வலியுறுத்தும்போது சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைச் சொல்கிறது. அந்த வரிசையில் பிரேக்கின் பெயர் இல்லை. அரசாங்கமே கேட்காத ஒரு தூய்மையை நாம் ஏன் காலடியில் கட்டிக்கொண்டு அலைகிறோம்? அதே விதி, இப்படிப் பதிவான வண்டிகளை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக்கூடாது என்றும் சொல்கிறது. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் அதையும் படித்துவைப்பது நல்லது.

மூல வடிவத்தைப் போற்ற வேண்டும் என்போரின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரில் நடக்கும் அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தில் நிற்கும் வண்டிக்கு அன்றைய உறுப்புகள் அனைத்தும் அன்றையவையாகவே இருப்பதுதான் அழகு. அது ஓர் ஆவணம். சாலையில் ஓடும் வண்டிக்கு வேறு நீதி. வண்டிக்கு முன்னால் நடப்பவர் அந்த ஆவணத்தைப் படிக்க ஒப்புக்கொண்டவரல்லர்.

இரட்டைச் சுற்று வேண்டாம் என்பவருக்கு மிஞ்சுவது கை பிரேக்தான். அது கேபிளால் இயங்குவது, திரவத்தோடு உறவில்லாதது. ஒற்றைச் சுற்று வண்டியில் அதுவே இரண்டாவது பிரேக். ஆனால் பின் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யும்போது முதலில் அந்தக் கேபிளைத் தளர்த்தி, ஷூ வேலை முடிந்தபிறகே இறுக்க வேண்டும். வரிசை மாறினால் ஷூ உட்காரும் இடம் தவறிப்போய்ப் பழைய நீளப் பெடல் திரும்ப வந்துவிடும். ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கை பிரேக்கை மட்டும் இழுத்து, எத்தனை அடியில் வண்டி நிற்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ளலாம். நண்பரின் மோரிஸில் அந்த அளவுகள் டேஷ்போர்டு அறைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன. பிரேக் திரவம் மாற்றிய தேதிகளும் ஹோஸ் வாங்கிய ரசீதும் அதிலேயே.